வேலிக்கு எத்தனை பலகை?

ஒக்லாந்தில் பழைய வீடு வாங்கிக் குடிபுகுந்த நம்மவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்து நிற்கும் செலவுகளில் வேலிச் செலவும் ஒன்று. கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரிந்துவிடும். வேலியோ சத்தமில்லாமல் அடியில் உக்கிக்கொண்டிருக்கும். தென்மேற்குக் காற்றுப் பலமாய் வீசிய ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் பாதி வேலி பக்கத்து வீட்டுப் பூம்பாத்தியில் படுத்திருக்கும். அதன் பின்னர்தான் எத்தனை கம்பம், எத்தனை பலகை, யார் காசு என்ற கேள்விகள் எழும்.

யார் காசு என்பதற்கு இந்நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் வேலிச் சட்டப்படி, இரண்டு வளவுகளுக்கு இடையே போதுமான வேலி ஒன்றுக்கு ஆகும் செலவை இரு வீட்டாரும் சரிபாதியாய் ஏற்க வேண்டும். வேலி போட விரும்புகிறவர் மற்றவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தலில் எந்த எல்லை, எவ்வகை வேலி, எப்படிக் கட்டப்படும், பொருள்கள் எப்படி வாங்கப்படும், மொத்தச் செலவு எவ்வளவாகும், வேலை என்று தொடங்கும் என்பன இருக்க வேண்டும். பெற்றவருக்கு மறுப்புச் சொல்ல 21 நாள் உண்டு. அதற்குள் வாய் திறக்காவிட்டால் அவர் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். இணக்கம் வராத வழக்குகள் பிணக்குத் தீர்ப்பு மன்றத்துக்குப் போகும்.

ஆகவே இங்கே மரக் கணக்கு என்பது வீட்டுக்காரர் தமக்குத் தாமே சட்டைப்பைத் துண்டுக் கடதாசியில் போட்டுக்கொள்ளும் கணக்கன்று. அடுத்த வீட்டார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிக்கப் போகும் கணக்கு. அதில் கூடுதலாய் எழுதப்படும் ஒவ்வொரு பலகையிலும் பாதி அவர் காசு. நம்மவரிற் பலர் இதைக் கவனிப்பதில்லை. வேலி கட்டுகிறவரிடம் ஒரு தொகையைக் கேட்டு, அதை இரண்டாற் பிரித்து, கடிதப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். பிறகு, "அடுத்த வீட்டு வெள்ளைக்காரர் முகம் கொடுக்கிறாரில்லை" என்று குறைப்படுகிறார்கள்.

மவுண்ட் ரொஸ்கில் பகுதியில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். வீடு மகளுடையதும் மருமகனுடையதும். அவர்களோடு இருப்பவர் மகளின் தந்தையார். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். தெற்குப் பக்கத்து வளவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி தனியே வசிக்கிறார். ஓய்வூதியம்தான் அவர் வருமானம். இரு வீட்டுக்கும் நடுவிலிருந்த வேலி விழுந்தது.

மாஸ்டருக்கு வேலி புதிய விடயமன்று. ஊரிலே கால் ஏக்கர் என்றால் நான்கு பரப்பு; ஒக்லாந்தில் பழைய வளவுகளும் கால் ஏக்கர் அளவில் வெட்டப்பட்டவையே. அங்கே நாலு பரப்புக் காணியைச் சுற்றி அடைக்க எத்தனை கிடுகு வேண்டும், எத்தனை கதியால் வேண்டும் என்பதை வேலி அடைக்க வருகிறவர் ஒரு சுற்று நடந்து பார்த்தே சொல்லிவிடுவார். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் வெட்டி நட்டால் மழைக்குத் துளிர்த்துவிடும். கம்பம் உக்குவதென்ற பேச்சே இல்லை. கிடுகும் பனை ஓலையும்தான் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டியவை. (வளரும் கதியால் எல்லையை விரலளவு விரலளவாய் நகர்த்தி, அதனால் கோடேறிய குடும்பங்களின் கதை வேறு. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை.)

இங்கே கதியால் இல்லை. முற்காலத்தில் இந்நாட்டவர் தோத்தரா போன்ற உள்நாட்டு மரங்களைப் பிளந்து கம்பம் நட்டார்கள். இப்போது எல்லாம் கலிபோர்னியாவிலிருந்து வந்து இங்கே காடுகாடாய் வளர்க்கப்படும் ரேடியாற்றா பைன். மென்மரம் என்பதால் மருந்தேற்றாவிட்டால் மண்ணில் சில வருடமும் நில்லாது. மரத்தின் மேல் குத்தியிருக்கும் குறியைப் பார்த்து வாங்க வேண்டும். மண்ணுக்குள் போகும் கம்பத்துக்கு எச் 4, மண்ணுக்கு மேல் மழை வெயிலில் நிற்கும் ரெயிலுக்கும் பலகைக்கும் எச் 3. விலை குறைவென்று எச் 3 கம்பத்தை மண்ணில் புதைத்தவர்தான் மீண்டும் வேலி போடுகிறவர்.

மாஸ்டர் முதலில் செய்தது எல்லைக் கட்டை தேடியது. முன்னும் பின்னும் நில அளவையாளர் அடித்த கட்டைகள் புல்லுக்குள் இருந்தன. (கிடைக்காவிட்டால் ஊகத்தில் நடக்கூடாது. உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைப்பதுதான் வழி.) இரண்டுக்கும் இடையே நூல் கட்டி, நூல் மட்டமாய் இருக்க அளந்தார். 26.5 மீற்றர். நிலத்தில் நாடாவை விரித்து அளந்தால் சரிவில் அளவு கூடிக் காட்டும். பலகைகள் நிமிர்ந்து நிற்பவை, ஆகவே மட்ட நீளம்தான் கணக்கு.

பலகை ஒன்றின் அகலம் 150 மில்லிமீற்றர். இந்நாடு 1970களில் மெற்றிக் அளவுக்கு மாறுமுன் அது ஆறங்குலமாய் இருந்தது. மாஸ்டரின் மனம் இன்னும் அடிக் கணக்கில்தான் ஓடும். 87 அடி, அடிக்கு இரண்டு பலகை, 174 என்று வாயாலேயே சொல்லிவிட்டார். மருமகன் தொலைபேசியில் தட்டிப் பார்த்து 177 என்றார். இருவரும் சரியே! ஆறங்குலம் என்பது 152.4 மில்லிமீற்றர், மெற்றிக்குக்குத் திருப்பும்போது அந்த இரண்டரை மில்லிமீற்றரை விழுங்கிவிட்டார்கள். அது 26 மீற்றரில் மூன்று பலகையாய் வெளியே வருகிறது. மாஸ்டர் 177ஐ ஒப்புக்கொண்டார்.

வாதம் அடுத்ததில்தான் வந்தது. வெடித்தது, வளைந்தது, கணுவில் உடைந்தது என்று சில பலகை கழியும். அதற்கு எவ்வளவு சேர்ப்பது?

"இருநூறாய் எடுப்பம் மாமா. மிச்சம் கிடந்தால் ஏதுக்கும் உதவும்" என்றார் மருமகன்.

"மிச்சம் ஆற்றை வளவிலை கிடக்கும் தம்பி?"

"எங்கடை கராஜிலைதான்."

"அப்ப அந்த மனிசி தன்ரை பென்சன் காசிலை எங்கடை கராஜுக்குப் பலகை வாங்கித் தரவேணுமோ?"

மருமகன் பேசாமல் நின்றார். நூற்றுக்கு ஐந்து என்று முடிவாகி 186 என்று எழுதப்பட்டது. குறைந்தால் கடை பத்து நிமிடத் தூரத்தில்தான் இருக்கிறது, போய் நான்கு பலகை வாங்கலாம் என்பது மாஸ்டரின் நியாயம்.

கம்பக் கணக்கில் பலர் தவறுவார்கள். கம்பத்துக்குக் கம்பம் 2.4 மீற்றர் என்றால், 26.5ஐ 2.4ஆற் பிரித்துப் பதினொன்று சொச்சம் என்று பார்த்துவிட்டுப் பதினொரு கம்பத்தோடு வந்து நிற்பார்கள். இடைவெளி பதினொன்றானால் கம்பம் பன்னிரண்டு. சொச்சத்துக்கும் வழி உண்டு. வேலியின் நீளம் முதற் கம்பத்தின் வெளிவிளிம்பிலிருந்து கடைசிக் கம்பத்தின் வெளிவிளிம்புவரை. கம்பம் 100 மில்லிமீற்றர்ச் சதுரம். ஒரு கம்பத்தின் தடிப்பைக் கழித்தால், நடுவுக்கு நடு 26.4 மீற்றர்; அதாவது சரியாகப் பதினொரு 2.4. இது அந்த வளவின் அதிர்ஷ்டம். எல்லா வளவிலும் இப்படி அமையாது. அமையாவிட்டால் இடைவெளியைச் சற்றுக் குறைத்து ஒரு கம்பம் கூட்ட வேண்டும், 2.4க்கு மேல் இழுத்தால் ரெயில் தொய்யும்.

ரெயில் 4.8 மீற்றர் நீளத்தில் வாங்கினால் ஒன்று இரண்டு இடைவெளியைப் பிடிக்கும். ஆளுயர வேலிக்கு மூன்று வரிசை. வரிசைக்கு ஐந்தரை, ஆக பதினாறரை, வாங்குவது பதினேழு. மூட்டுகள் எல்லாம் ஒரே கம்பத்தில் விழாமல், ஒரு வரிசையை அரை ரெயிலில் தொடங்கி மாற்றி மாற்றி வைப்பது நல்லது.

கம்பம் 2.4 மீற்றர் நீளம், 1.8 வெளியே, 0.6 மண்ணுக்குள். குழி 300 மில்லிமீற்றர் விட்டம், 600 ஆழம். வட்டத்தின் பரப்பை ஆழத்தாற் பெருக்கி, கம்பம் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் ஒரு குழிக்கு 36 லீற்றர் கொங்கிறீற். தண்ணீர் மட்டும் சேர்க்கும் 20 கிலோப் பை ஒன்று ஏறத்தாழ 9 லீற்றர் கொடுக்கும். குழிக்கு நான்கு, பன்னிரண்டு குழிக்கு நாற்பத்தெட்டு. இந்த எண்ணைக் கேட்டதும் மகள் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபின் மாஸ்டர் அதை 20ஆற் பெருக்கிக் காட்டினார்: 960 கிலோ. குடும்பக் காரின் பின்பெட்டியில் ஏற்றி வருகிற சரக்கன்று. இதற்குப் பதில் மணலும் கல்லும் கலந்த பில்டர்ஸ் மிக்ஸ் அரைக் கன மீற்றரும், 20 கிலோ சீமெந்துப் பை ஏழும் எடுத்து வீட்டில் குழைத்தால் அதே வேலை குறைந்த செலவில் முடியும். ட்ரெயிலரில் இரண்டு நடை. குழைக்கும் கைகள் வீட்டில் உள்ளவை, அவற்றுக்குக் கூலி எழுதவில்லை.

ஆணிதான் எல்லாரும் மறப்பது. பலகைக்கு ஒவ்வொரு ரெயிலிலும் இரண்டு, மூன்று ரெயிலுக்கு ஆறு. 177 பலகைக்கு 1062. நாகமுலாம் பூசிய 60 மில்லிமீற்றர் ஆணி கிலோவுக்கு முந்நூறுக்குச் சற்று மேல் வரும், மூன்றரைக் கிலோ. ரெயிலைக் கம்பத்தில் அறைய 100 மில்லிமீற்றர் ஆணி ஒன்றரைக் கிலோ.

இவ்வளவையும் ஒரு தாளில் நிரையாக எழுதி, எந்த எண் எப்படி வந்தது என்று பக்கத்திலேயே காட்டி, விலையும் போட்டு, அறிவித்தலோடு சேர்த்து மகள் கொண்டுபோய் மூதாட்டியின் கையில் கொடுத்தார். பத்து நாள் பதிலில்லை. இருபத்தொரு நாள் கழிந்தால் சட்டப்படி சம்மதமாகிவிடும், வேலையைத் தொடங்கலாம் என்பது மருமகனின் எண்ணம். மாஸ்டர் அதை விரும்பவில்லை. பன்னிரண்டாம் நாள் மகளை மீண்டும் அனுப்பினார்.

மூதாட்டி கணக்கில் குறை சொல்லவில்லை. ஆணிவரை சரிபார்த்திருந்தார். அவர் மனக்குறை வேறு. வேலியோரமாய் அவருடைய ரோசாப் பாத்தி இருக்கிறது. பழைய வேலி அந்த இடத்தில் நெஞ்சளவுதான். புதியது ஆளுயரம்.

நம்மூரில் வெயில் தெற்கே சாய்ந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாய்ச் செல்கிறது. வடக்கு வீட்டார் போடும் வேலியின் நிழல் தெற்கு வீட்டின் மேல் விழும். யூன் மாதக் கடைசியில் ஒக்லாந்தில் நடுப்பகலிலும் சூரியன் முப்பது பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மாஸ்டர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்: 1.8 மீற்றர் வேலியின் நிழல் 3 மீற்றருக்கு மேல், 1.2 மீற்றர் வேலியின் நிழல் 2.1. பாத்தியின் பெரும்பகுதி அந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் இருந்தது.

மகளுக்குத் தயக்கம். பின்வளவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பந்து போகும், ஒதுக்கிடமும் வேண்டும். பேசிப் பார்த்ததில் பிள்ளைகள் ஓடுவது பின்பக்கத்தில். பாத்தி இருப்பது முன்பக்கத்தில், முதல் நான்கு இடைவெளிக்குள். 9.6 மீற்றர். அந்த நான்கும் 1.2 உயரம், மற்ற ஏழும் 1.8 என்று முடிவாயிற்று. தாள் கிழிக்கப்பட்டு, கணக்கு முதலிலிருந்து தொடங்கியது.

பலகை 1.2 மீற்றரில் 64, 1.8இல் 113, கழிவுக்கு மூன்றும் ஆறும் சேர்த்து 67, 119. குட்டை வேலிக்கு இரண்டு ரெயில் போதும், ஆகவே பதினேழு ரெயில் பதினைந்தாயிற்று. கம்பத்தில்தான் மருமகன் ஒருமுறை சறுக்கினார். நான்கு இடைவெளிக்கு ஐந்து கம்பம், ஆகவே ஐந்து குட்டைக் கம்பம் என்றார். ஐந்தாவது கம்பம் உயர வேலிக்கும் முதற் கம்பம், அது நெட்டையாகத்தான் இருக்க வேண்டும். குட்டை நான்கு, நெட்டை எட்டு. ஆணி 934, மூன்று கிலோ. பெரிய ஆணி ஒரு கிலோ. குழியும் கொங்கிறீற்றும் மாறவில்லை. மொத்தம் முன்னையதிலும் குறைந்தது. மூதாட்டி அந்தத் தாளிலேயே கையெழுத்திட்டுத் தந்தார்.

தோண்டுமுன் நிலத்தடியில் மின்கம்பி, எரிவாயு, தண்ணீர்க் குழாய் போகிறதா என்று விசாரிக்க வேண்டும். அதற்கென்று சேவை இருக்கிறது, கேட்டால் வரைபடம் கிடைக்கும். ஆனால் எந்த வரைபடமும் சொல்லாத ஒன்று இந்நகரத்தில் உண்டு. ஒக்லாந்து ஏறத்தாழ ஐம்பது எரிமலைகளின் மேல் இருக்கும் ஊர். மவுண்ட் ரொஸ்கிலும் அவற்றில் ஒன்று. சில இடத்தில் மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், ஒரு முழம் தள்ளினால் கருங்கல். இங்கும் ஏழாவது குழியில் அலவாங்கு கணீரென்றது. மருமகனும் அவர் நண்பர்கள் இருவரும் அரை நாள் முட்டிப் பார்த்தார்கள். கல் அசையவில்லை. எட்டாவது கம்பத்தின் பக்கமாய் 30 சென்ரிமீற்றர் தள்ளித் தோண்டியபோதுதான் மண் வந்தது.

இங்கேதான் வாங்கிய ரெயில் எல்லாம் வீணாகும் ஆபத்து. மூன்று வரிசையில் இரண்டின் மூட்டு ஏழாம் கம்பத்தில் விழுவதாய்த் திட்டம். கம்பம் நகர்ந்ததால் ரெயிலின் நுனி அதை எட்டாது. மருமகன் இன்னும் இரண்டு ரெயில் வாங்கப் புறப்பட்டார்.

"நில்லுங்கோ தம்பி" என்று மாஸ்டர் தாளைக் கேட்டு வாங்கினார். அந்த இரண்டு வரிசையையும் முழு ரெயிலில் தொடங்காமல் அரை ரெயிலில் தொடங்கினால் மூட்டுகள் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று இரட்டைக் கம்பங்களில் விழும்; உயர வரிசையில் ஆறு, எட்டு, பத்து. ஏழாம் கம்பம் ரெயிலின் நடுப்பகுதியைத் தாங்கும், எங்கே நின்றாலும் ஒன்றுதான். மூட்டுகளை மாற்றி மாற்றி வைக்கும் அழகு போயிற்று; மரம் ஒன்றும் கூடுதலாய் வாங்கவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் இடையே 2.7 மீற்றராகிவிட்டது மாஸ்டருக்கு உறுத்தல்தான். குழிகளை எல்லாம் தோண்டி முடித்தபின்னரே ரெயிலை அறுக்க வேண்டும் என்று தாளின் அடியில் எழுதி வைத்தார், அடுத்த பக்கத்து வேலிக்காக.

பலகையை இடைவெளியின்றி நெருக்கி அறைந்தார்கள். மருந்தேற்றிய மரம் ஈரமாகவே வரும். ஒரு கோடை கழிந்தால் சுருங்கித் தானாகவே கீற்று விடும். முதலிலேயே கீற்று விட்டு அறைந்தால் பிறகு விரல் நுழையும்.

அறுத்த துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இம்மரத்தில் ஏற்றப்படும் மருந்தில் பெரும்பாலும் செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் இருக்கும். எரித்தால் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. தைப்பொங்கலுக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டும்போதும், வீட்டில் ஓமம் வளர்க்கும்போதும், வேலித் துண்டு நல்ல காய்ந்த விறகாய்க் கண்ணில் படும். தொடக்கூடாது. இறைச்சி வாட்டும் அடுப்புக்கும் ஆகாது. மரத்தூளையும் கூட்டி அள்ளிக் குப்பை நிலையத்துக்கே அனுப்ப வேண்டும், கத்தரிப் பாத்திக்கு உரமாகப் போடக்கூடாது. மாஸ்டர் வீட்டில் இதற்கென ஒரு சாக்கு வைத்துக் கட்டினார்கள்.

இரண்டு சனி, ஒரு ஞாயிறு பிடித்தது. மிஞ்சியவை 1.8 மீற்றர்ப் பலகை நான்கு, 1.2 மீற்றர்ப் பலகை ஒன்று, அரை ரெயில் ஒன்று, ஒரு பிடி ஆணி. மாஸ்டர் இவற்றையும் தாளில் எழுதி, கடைப் பற்றுச்சீட்டுகளோடு மூதாட்டியிடம் அனுப்பினார். நீளப் பலகை ஆளுக்கு இரண்டாயிற்று. அரை ரெயில் இந்த வீட்டுக்கு, குட்டைப் பலகையும் ஆணியும் அந்த வீட்டுக்கு. அவருடைய கடிதப் பெட்டியின் அடிப்பலகை உக்கியிருந்தது. அடுத்த வாரம் மருமகன் போய் அறைந்து கொடுத்தார்.